வெயிலுக்கும் வரப்பு உண்டு

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அதைச் சொன்ன பெரியவர் சண்டிகரில் ஒரு மார்கழியைக் கழித்திருந்தால், பழமொழியைத் திருப்பிப் போட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கே வெயிலின் அருமைதான் நிழலில் தெரிகிறது. மூடுபனி விலகிப் பகலவன் முகம் காட்டும் சில மணி நேரத்துக்காக நகரமே மொட்டைமாடியில் காத்துக் கிடக்கிறது. ஊரில் இருந்தபோது வெயிலுக்கு அஞ்சிக் குடை பிடித்த நாம், இங்கு வந்து வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்துகிறோம் அல்லவா?

அந்த வெயிலுக்காக இரு வீட்டாரிடையே எழுந்த ஒரு வழக்கே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நான் குடியிருப்பது நகரின் தென்பகுதியில், பத்து மர்லா மனையில் கட்டிய ஒரு வீடு. கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை மாஸ்டர்ஜி என்றே அழைக்கிறோம். முதல் மாடி வேறொரு குடும்பத்தாருக்குச் சொந்தம். இரண்டாம் மாடியும் அதன் மேலுள்ள மொட்டைமாடியும் எங்கள் வீட்டுக்கார அம்மையாருக்கு. அவர் கணவரை இழந்தவர், ஓய்வூதியத்தில் வாழ்பவர். கடன் வாங்கி மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் தகடுகளை வைத்தார். மின்கட்டணம் குறையும், அந்த மிச்சத்தில் தவணை கட்டலாம் என்பது அவர் கணக்கு. கோடை முழுவதும் கணக்கு பொய்க்கவில்லை. ஐப்பசியில் தெற்குப் பக்கத்து வீட்டுச் சர்தார்ஜி, தம் மாடியின் வடக்கு ஓரத்தில் இரும்புக் கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றினார். மார்கழி பிறந்ததும் அத்தொட்டிகளின் நிழல் எங்கள் தகடுகளின் மேல் வந்து படுத்துக்கொண்டது. தெளிந்த நாளில் பத்து யூனிட்டுக்குக் குறையாமல் காட்டிய மீட்டர் ஆறு யூனிட்டோடு நின்றது.

தைத் திருநாளன்று தமிழ் மாணவர்கள் சிலர் அந்த மாடியிலேதான் பொங்கல் வைத்தோம். பானை பொங்கும் வேளையில் அம்மையார் வந்து நின்று, "பேட்டா, நீங்கள் சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறீர்கள். என் பங்குச் சூரியனை அந்தத் தொட்டி தின்றுகொண்டிருக்கிறது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் அதற்கு முன்பே ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்திருந்தார். முதல் மேசையில் இருந்தவர், தண்ணீர்த் தொட்டி கட்டடம் ஆகாது என்றாராம். இரண்டாமவர், மின்சாரத் துறையைக் கேளுங்கள் என்றாராம். மூன்றாமவர், முதலில் உங்கள் தகடுகளுக்கு அனுமதி உண்டா என்று திருப்பிக் கேட்டாராம். அதோடு அவர் வீடு திரும்பிவிட்டார்.

பொங்கல் உண்ட கடனுக்கு நான் விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். நான் பொறியியல் மாணவன். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது ஒன்று. வீட்டுமாடிச் சோலாரைப் பற்றிய விதிகள் மின்சாரத்தைப் பற்றியவைபோல் தோன்றினாலும், அடிப்படையில் அவை அண்டை வீட்டாரைப் பற்றியவை. வயலுக்கு வரப்பு எப்படியோ, மாடி வெயிலுக்கு அவ்விதிகள் அப்படி.

முதலில் நிழலின் கணக்கைப் பார்ப்போம். சண்டிகர் ஏறத்தாழ 30.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சென்னை 13 பாகையில். டிசம்பர் 22ஆம் நாளை ஒட்டி, உச்சி வேளையில் சென்னையில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 53 பாகைக்குச் சற்று அதிகமாக ஏறி நிற்கும். சண்டிகரில் அதே வேளையில் 36 பாகைதான். ஆகவே ஒரு மீட்டர் உயரக் கோல் சென்னையில் முக்கால் மீட்டர் நிழலையும், சண்டிகரில் 1.4 மீட்டர் நிழலையும் வடக்கு நோக்கி வீழ்த்துகிறது. காலை பத்து மணிக்கு இங்கே அந்நிழல் கோலின் உயரத்தில் இரு மடங்காகிறது. சர்தார்ஜியின் தொட்டி மாடித் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம். உச்சி வேளையிலேயே நான்கு மீட்டர் நிழல் எங்கள் பக்கம் விழுந்ததில் வியப்பென்ன?

தகடும் அட்சத்துக்கு ஏற்பவே சாய்ந்து நிற்க வேண்டும். தோராயமாக, ஊரின் அட்சம் எத்தனை பாகையோ அத்தனை பாகைச் சாய்வோடு தெற்கு நோக்கி வைப்பது வழக்கம். இரண்டு மீட்டர் நீளத் தகட்டைச் சென்னையில் 13 பாகை சாய்த்தால் அதன் மேல்விளிம்பு அரை மீட்டர்கூட உயராது. இங்கே 30 பாகை சாய்த்தால் ஒரு மீட்டர் உயர்ந்துவிடும். முன்வரிசைத் தகடு பின்வரிசைக்கு நிழல் செய்யாதிருக்க இடைவெளியும் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் படாத பத்துச் சதுர மீட்டர் மாடி என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். அதிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு யூனிட் கிடைக்கும்.

"நிழல் ஒரு மூலையில்தானே விழுகிறது, மற்றத் தகடுகள் வேலை செய்யலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். தகடுகளைப் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கிறார்கள். வாய்க்காலின் நடுவே ஓரிடத்தில் கரை சரிந்து அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் சேருமா? அவ்வாறே ஒரு தகட்டில் விழும் நிழல் முழு வரிசையின் மின்னோட்டத்தையும் பாதிக்கும். நிழல்பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் செல்ல மாற்றுவழி தரும் டையோடுகள் தகடுகளிலேயே உண்டு. தகட்டுக்கொரு சிறு இன்வெர்ட்டர் வைக்கும் முறையும் உண்டு. அதற்குச் செலவு அதிகம். எதைச் செய்தாலும் இழப்பைக் குறைக்கலாமே தவிர, நிழலை வெயிலாக்க முடியாது.

இனி விதிகளுக்கு வருவோம். ஒரு நகரத்தில் எந்த இடத்தில் வீடு இருக்கலாம், எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, கட்டடம் எவ்வளவு உயரலாம், மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டவேண்டும் என்று வகுப்பவையே மண்டல விதிகள். நியூயார்க் நகரில் இவை பிறந்த கதை சுவையானது. 1915ஆம் ஆண்டில் ஈக்விட்டபிள் கட்டடம் என்னும் 38 மாடிக் கட்டடம் அங்கே எழுந்தது. தெருவோரத்திலிருந்து நேர்ச்சுவராக வானம் நோக்கி ஏறிய அக்கட்டடத்தின் நிழல் ஏறத்தாழ ஏழு ஏக்கரை மூடியதாம். அண்டைக் கட்டடத்தார் வெளிச்சம் போயிற்று, வாடகை போயிற்று என்று முறையிட்டனர். அந்த முறையீடும் சேர்ந்துதான் 1916இல் நகர் முழுவதற்குமான மண்டல விதியாகப் பிறந்தது. உயர உயரக் கட்டடம் பின்வாங்க வேண்டும், தெருவுக்கு வெளிச்சம் விடவேண்டும் என்று அவ்விதி சொன்னது. நிழலைப் பற்றிய சண்டையில் பிறந்த விதிக்குச் சோலார் தகடு புதிய விருந்தாளி அன்று, பழைய உறவினனே!

நாம் வாழும் இந்நகரத்தைப் பாருங்கள். 1951இல் லெ கொர்புசியே வகுத்த திட்டத்தில், 800 மீட்டருக்கு 1200 மீட்டர் அளவில் செக்டர் செக்டராகப் பிரிந்தது சண்டிகர். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் உள்ள வளாகத்தில் 'நிழல் கோபுரம்' என்றே ஒரு கட்டடம் நிற்கிறது. நண்பர்கள் யாரேனும் ஊரிலிருந்து வந்தால் நாம் காட்டாமல் அனுப்புவதில்லை. சூரியன் எந்தப் பருவத்தில் எங்கிருந்து நுழைவான், அவனை எப்படித் தடுக்கலாம் என்று காட்டுவதற்காகவே எழுப்பிய கட்டடம் அது. கோடைச் சூரியனைத் தடுக்க அவ்வளவு பாடுபட்ட நகரத்துக்கு, இன்று அதே சூரியனை வரவேற்க விதி செய்யவேண்டிய காலம் வந்திருக்கிறது.

அவ்விதி வரவும் செய்தது. 2016ஆம் ஆண்டு சண்டிகர் நிர்வாகம், 500 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளின் வீடுகளில் சோலார் தகடு வைப்பதைக் கட்டாயமாக்கியது. 500 சதுர கஜம் என்பது இங்கே ஒரு கனால். கட்டாயம் என்றவுடன் எல்லாரும் ஓடிப்போய் வைத்துவிடவில்லை. காலக்கெடு பலமுறை நீண்டது. எங்கள் வீட்டைப் போன்ற பத்து மர்லா மனை அதில் பாதி அளவுதான். எனவே கட்டாயம் இல்லை. அம்மையார் தாமே விரும்பி வைத்தார்.

சண்டிகரின் வீட்டு வரிசைகளுக்கு ஒரு நன்மை உண்டு. பல தெருக்களில் வீடுகள் ஏறத்தாழ ஒரே உயரம். ஒரே உயரமுள்ள வரிசையில் யாரும் யாருக்கும் பெருநிழல் செய்வதில்லை. உயர வரம்பைக் கண்டு நாம் எரிச்சல் கொள்கிறோம். இன்னும் ஒரு மாடி கட்டினால் என்ன என்று கேட்கிறோம். அந்த வரம்புதான் வடக்கு வீட்டானின் மார்கழி வெயிலைக் காத்து நிற்கிறது.

ஆனால் அதே உயர வரம்பு தகட்டுக்கே எதிரியாவதும் உண்டு. வரம்பு வரைக்கும் கட்டி முடித்த வீட்டில், அதற்கு மேல் இரும்புச் சட்டம் எழுப்பித் தகடு வைத்தால் அது கூடுதல் கட்டடமா? டில்லி அரசாங்கம் 2016இல் வெளியிட்ட சூரிய மின்கொள்கை இதற்குத் தெளிவாக விடை சொன்னது: தகட்டைத் தாங்கும் சட்டத்தின் உயரம் கட்டடத்தின் உயரத்தோடு சேராது, தகடு வைப்பதற்கெனக் கட்டட வரைபட அனுமதி தேவையில்லை. இது நல்ல விதி. எனினும் அதிகாரிகளின் அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் சட்டம் எழுப்பி, மேலே தகட்டைப் பரப்பிவிட்டு, பிறகு நான்கு பக்கமும் மறைத்து அதையே ஓர் அறையாக்கிக் கொள்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் உயர உயர வைகாசிப் புழுதிப்புயலின் காற்றும் அதை வலுவாகத் தாக்கும். பிடுங்கிக்கொண்டு பறக்கும் தகடு விழுவது அடுத்த வீட்டு முற்றத்தில் அல்லவா?

மின்கம்பியின் பக்கத்தில் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. மைய அரசாங்கம் 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி 10 கிலோவாட் வரையுள்ள சோலார் அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு வேண்டியதில்லை. விண்ணப்பமே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதே மாதம் தொடங்கிய பிரதமர் சூரியவீடு திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 30,000, மூன்றாம் கிலோவாட்டுக்கு ரூ. 18,000, ஆக மொத்தம் ரூ. 78,000 வரை வீட்டாருக்கு மானியம் என்று வகுத்தனர். பணமும் கம்பியும் தயார். ஆனால் பணத்தாலும் கம்பியாலும் பக்கத்து வீட்டு நிழலை நகர்த்த முடியுமா?

நிழல் வழக்குக்குக் கலிபோர்னியா மாநிலம் 1978லேயே ஒரு சட்டம் செய்தது. தகடு வைத்த பிறகு பக்கத்து மனையில் நட்ட மரம், காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே, தகட்டுப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிழல் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். எவ்வளவு நேரம், எவ்வளவு பரப்பு, யார் முந்தியவர் என்று மூன்றையும் அளந்து சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். அப்படியும் சிக்கல் வந்தது. சன்னிவேல் என்னும் ஊரில், தகடு வைக்கும் முன்பே நட்டிருந்த செம்மரங்கள் பின்னர் வளர்ந்து தகட்டை மறைத்தன. வழக்கு நீதிமன்றம் ஏறியது. மரம் வளர்ப்பதும் நல்லதே, தகடு வைப்பதும் நல்லதே; இரண்டு நல்லவர்களும் எதிரெதிரே நின்றார்கள். 2008இல் சட்டத்தைத் திருத்தி, தகட்டுக்கு முன்பே நட்ட மரத்துக்கு விலக்கு அளித்தனர்.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், அதாவது வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. அது முதன்முதல் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தை 20 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்தவருக்கு அது உரிமை தருகிறது. சன்னலை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம் அது. சென்ற ஆண்டு மாடியில் ஏறிய தகட்டுக்கு இருபது ஆண்டு அனுபவத்தை எங்கே தேடுவது? அம்மையாருக்கு மூன்று மேசைகளிலும் விடை கிடைக்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே நாங்கள் சாக்குக்கட்டியை எடுத்தோம். ஒரு தெளிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சர்தார்ஜியை எங்கள் மாடிக்கு அழைத்தோம். மணிக்கொரு முறை தொட்டி நிழலின் விளிம்பைத் தரையில் கோடிட்டோம். அவர் தேநீர் அருந்தியபடியே கோடுகள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக் கோட்டைக் கண்டதும், "ஆன்ட்டிஜி, என் தொட்டி இவ்வளவு தூரம் நடந்து வருகிறதென்று எனக்குத் தெரியாது" என்றார். ஒரு வாரத்துக்குள் தொட்டிகள் அவர் மாடியின் தென்மேற்கு மூலைக்குப் போயின. கூடுதல் குழாய்க்கு அம்மையார் பணம் கொடுத்தார். ஆள் கூலி சர்தார்ஜியுடையது. இப்போது தொட்டியின் நிழல் அவர் மாடியிலேயே விழுந்து எழுகிறது.

வழக்கு நல்லபடியாக முடிந்தது. ஆயினும் இதை விதியின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். சர்தார்ஜியின் நற்குணத்தின் வெற்றி அது. எல்லாத் தெருவிலும் அத்தகைய அண்டை வீட்டார் வாய்ப்பார்கள் என்று நம்பி ஒரு நகரத்தை நடத்த முடியாது. அவர் மறுத்திருந்தால் அம்மையார் தவணையை எப்படிக் கட்டியிருப்பார்? தகட்டின் தெற்கே எவ்வளவு தூரத்துக்குள் எவ்வளவு உயரத்துக்குத் தொட்டியும் படியறையும் இருக்கலாம் என்பதை, மார்கழிச் சூரியனின் கோணத்தைக் கொண்டு கட்டட விதியிலேயே எழுதிவிடலாம். கடினமான கணக்கன்று, பள்ளி மாணவன் போடக்கூடிய திரிகோணக் கணக்குத்தான்.

இன்னொரு வழக்கு முடியாமலே இருக்கிறது. அது மாஸ்டர்ஜியுடையது. சாக்குக்கட்டிக் கோடுகளைக் காண அவரும் மாடிக்கு வந்திருந்தார். நான் தயங்கித் தயங்கி, "நீங்களும் தகடு வைக்கலாமே, மாஸ்டர்ஜி" என்றேன். "எனக்கு வீடு உண்டு, பேட்டா, கூரை இல்லை" என்றார் அவர்.

உண்மைதான். வீட்டைத் தளம் தளமாக விற்கும்போது மொட்டைமாடி மேல்தளத்தாருக்கே போய்விடுகிறது. 2023 ஜனவரி 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சண்டிகரின் முதற்கட்டப் பகுதியான 1 முதல் 30 வரையுள்ள செக்டர்களில் தனிவீடுகளை அடுக்ககங்களாகப் பிரிப்பதற்குத் தடை கூறியது. அங்கே தளங்கள் மூன்றுக்கு மேல் போகாமல் உயரம் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்றும் சொன்னது. அது நகரின் பழம்பண்பைக் காக்க வந்த தீர்ப்பு. ஆனால் முன்பே பங்கு போட்டுக்கொண்டு வாழ்வோரின் மாடி வெயிலை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வாடகைக்கு இருக்கும் நம்மைப் போன்றவர்கள் மாஸ்டர்ஜிக்கும் ஒரு படி கீழே!

இதற்கு ஒரு வழி இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் பொதுவாகத் தகடு வைத்து, அங்கே விளையும் யூனிட்டுகளைப் பல வீட்டு மின்கணக்கில் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்கு மெய்நிகர் நெட் மீட்டர் என்று பெயர். டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் இதற்கு வழிமுறை வகுத்தது. ஊர்ப் பொதுக்கிணற்றில் ஆளுக்கொரு முறை வைத்து இறைத்துக்கொண்டதைப் போன்ற ஏற்பாடு இது. கூரை இல்லாதவனுக்கும் வெயிலில் பங்கு தருவது இந்த முறைதான். பள்ளிக்கூட மாடியும் சமூகக் கூட மாடியும் வெறுமனே காய்ந்துகொண்டிருக்கும் செக்டர்களில், மாஸ்டர்ஜிகளுக்காக இதைக் கேட்டுப் பெறவேண்டும்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டிலும் சோலார் பேச்சு எழலாம். தகட்டின் விலையை விசாரிப்பதற்கு முன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். கூடுமானால் மார்கழியில், காலை பத்து மணிக்கும் உச்சியிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நிழலின் விளிம்பைச் சாக்குக்கட்டியால் கோடிடுங்கள். தெற்கே காலி மனை இருந்தால் அங்கே விதிப்படி எவ்வளவு உயரம் கட்டலாம் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டுக் கட்டடமாயின் மொட்டைமாடி யாருடையது என்று கிரயப் பத்திரத்தைப் படியுங்கள். உங்கள் தொட்டியின் நிழல் வடக்கு வீட்டான் மாடியில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதையும் மறவாமல் பாருங்கள்.

இதை எழுதும் இந்த நேரத்தில் மாஸ்டர்ஜி எங்கள் மாடியில், தகடுகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். அம்மையார்தான் வரச் சொன்னார். வெயில் நகர நகர அவரும் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார். மாலையில் வெயில் சாய்ந்ததும் படியிறங்கித் தம் வீட்டுக்குப் போவார். அங்கே பகலிலும் விளக்கு எரிகிறது.